இரண்டு சுண்ணாம்புக் கோடுகள்

தொலைக்காட்சியில் நடுவர் இரண்டு கை விரல்களாலும் காற்றில் ஒரு சதுரம் வரைவாரே, வீடியோவைப் பார்த்து முடிவை மாற்றப்போகிறேன் என்பதற்கு அடையாளமாக, அதை என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து மைதானத்தில், தோட்டத்தின் மேல், கீழ் பிரிவுகளான இரண்டு டிவிசன் சனமும் பார்த்திருக்க. கைதட்டல் பலமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிவிடும்.

நான் தபால்காரன். தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தொழிலாளர் வரிசைவீடுகளுக்கு, லயம் லயமாக ஏறி இறங்கிக் கடிதம் கொடுப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்ட நடுவர். இதற்கென்று நான் எங்கும் போய்ப் படிக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் முழங்கால் பிசகி என்னால் ஆட முடியாமல் போனது. "சும்மா நிக்கிற நேரத்துல இத ஊதுங்க" என்று விசிலைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் திருப்பி வாங்க மறந்துபோனார்கள், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தப்பே செய்யாத நடுவர் என்று என்னைப் பற்றி யாராவது சொன்னால் தோட்டமே சிரிக்கும். ஒருமுறை இரட்டைப் பிள்ளைகளில் தம்பிக்குக் காட்டவேண்டிய சிவப்பு அட்டையை அண்ணனுக்குக் காட்டிவிட்டேன். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். இவ்வளவு மரியாதையான பிள்ளையா என்று நான் வியந்தேன். இரண்டு பேரில் தம்பிதான் நன்றாக ஆடுவார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு முறை பந்தை எடுக்கத் தேயிலைக்குள் இறங்கிய ஆளை எண்ணாமல் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டேன். அவர் செடிகளுக்குள் நின்றபடியே என்னை ஏசியது அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். இப்படியான தப்புகளுக்கெல்லாம் திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். அத்தோடு முடிந்துவிடும்.

பனி விஷயம் வேறு. எங்கள் மைதானம் மலையின் இடுப்பில் வெட்டிய ஒரு துண்டு நிலம். பின்னேரம் மூன்று மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறிவிட்டால் நடுவில் நிற்கிற எனக்கு இரண்டு கோலும் தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்தினால் எங்கள் ஊரில் ஒரு போட்டியும் முடியாது. ஆகவே பல வருடமாக ஒரு வழக்கம் உண்டு. பனிக்குள் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நடுவர் கீப்பரிடம் கேட்பார். கீப்பர் குனிந்து இரண்டு கையையும் புல்லில் வைத்துப் பதில் சொல்வார். அந்தப் பதிலுக்கு மேல் பேச்சில்லை.

வெளியூரிலிருந்து ஆடவருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கோல் வாங்கியவனிடமே கோலா என்று கேட்பதா? கேட்கலாம். எங்கள் ஆட்களுக்கு விடிந்தால் ஒரே பெரட்டு, ஒரே மலை, ஒரே தண்ணீர்க்குழாய். பொய் சொன்னவர் அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

கீழ் டிவிசனின் கீப்பர் இந்த வழக்கத்துக்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்தார். நாற்பது வயதிருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை, அதனால் முன்னங்கை இரண்டும் உருண்டு திரண்டிருக்கும். அதிகம் பேசமாட்டார். ஒரு வருடம் இறுதியாட்டத்தில் பனிக்குள் நான் கேட்டபோது, புல்லில் கை வைத்து, "உள்ள போயிருச்சுண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தையால் அவருடைய டிவிசன் கோப்பையை இழந்தது. சொந்த ஆட்கள்கூட அவரைக் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு லயத்தில் வாய்ச்சண்டை வந்தால், கோழி யாருடையது, குழாயில் யாருடைய முறை என்றெல்லாம் அவரிடம்தான் போய்க் கேட்பார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோனால் அவருடைய மனைவி பிளேன்டீ ஊற்றாமல் அனுப்பமாட்டார்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் இறுதியாட்டம். அதற்கு முன் மூன்று நாள் விடாத மழை. காலையில் கோடு போடச் சுண்ணாம்பு வாளியோடு போனேன். கீழ்ப்பக்கக் கோலில் ஒரு மூங்கில் கம்பம் சாய்ந்து கிடந்தது. குழியின் மண் சேறாகக் கரைந்துவிட்டது. அந்த இடத்தில் இனிக் கம்பம் நிற்காது. ஒரு எட்டுப் பின்னால் தள்ளிப் புதுக்குழி தோண்டி இரண்டு கம்பத்தையும் நட்டேன். புதுக் கம்பங்களுக்கு நடுவே புதுக் கோடு போட்டேன்.

பழைய கோடுதான் தொல்லை கொடுத்தது. எத்தனையோ வருடச் சுண்ணாம்பு அந்த மண்ணில் ஊறிப்போயிருந்தது. தொழிற்சாலை அடுப்புச் சாம்பலையும் மண்ணையும் இரண்டு கூடை கொட்டி, காலால் மிதித்து மூடினேன். வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். மைதானத்தைத் தயார்செய்கிற ஆளும் நான்தான், தீர்ப்புச் சொல்கிற ஆளும் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகு ஒரு சாத்து மழை பெய்து விட்டது. கீழ் டிவிசன் கீப்பர் அப்போது கீழ்ப்பக்கக் கோலில் நின்றார். மழை விட்டதும் பனி ஏறியது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மேல் டிவிசன் ஆள் ஒருவர் பனிக்குள் ஓங்கி அடித்த சத்தம் கேட்டது. பிறகு பெரிய கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், கீப்பர் சேற்றில் குப்புறக் கிடக்கிறார், பந்து அவருடைய கைக்குள். சுற்றி மொய்த்தவர்களின் கால்களுக்குள் எனக்குக் கோடு தெரியவில்லை; ஒரு பக்கம் கோல் என்கிறது, மறு பக்கம் இல்லை என்கிறது.

"தம்பி, உள்ள போச்சா?" என்று கேட்டேன்.

எழுந்து, பந்தைக் கீழே வைத்து, இரண்டு கையையும் புல்லில் வைத்தார். "இல்லண்ணே. போகல."

ஆட்டம் தொடரட்டும் என்று கையைத் தூக்கப்போனேன். அந்த நேரத்தில் கோலுக்குப் பக்கத்து மண்மேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. கொழும்பில் கடையில் வேலை செய்து, பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஓர் இளைஞர். "ரெப்ரி அண்ணே! எங்கிட்ட வீடியோ இருக்கு! வந்து பாருங்க!"

போயிருக்கக் கூடாது என்று இப்போது சொல்வது சுலபம். அந்த நிமிடம் என் மனதில் என்ன ஓடியது என்பதைச் சொல்கிறேன். வெளிநாட்டு ஆட்டங்களில் நடுவர் எல்லைக்கு ஓடிப்போய்த் திரையைக் குனிந்து பார்ப்பதை நான் எத்தனை முறை வாய் பிளந்து பார்த்திருப்பேன்! கக்கத்து அளவு முன்னால் நின்றதற்கு ஓஃப்சைட் கொடுக்கிறார்கள். எவ்வளவு சுத்தமான தீர்ப்பு! இருபது வருடம் கண்ணை மட்டும் நம்பி ஏச்சு வாங்கியவனுக்கு இன்றைக்கு ஒரு திரை கிடைத்திருக்கிறது. அந்த மேட்டில் நான் ஏறவில்லை, ஓடினேன்.

படம் தெளிவாகவே இருந்தது. கீப்பரின் கை, கைக்குள் பந்து, பந்துக்கு முன்னால், மைதானத்துப் பக்கமாக, ஒரு வெள்ளைக் கோடு. பந்து முழுவதும் கோட்டுக்கு உள்ளே. அந்த இளைஞர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கினாலும் அதேதான்.

"முழுசா உள்ள கிடக்கு பாருங்கண்ணே."

கிடந்தது. நான் கீழே இறங்கி வந்து, எல்லாரும் பார்க்கும்படி, காற்றில் சதுரம் வரைந்து, கோல் என்று நடுப்பக்கம் கையைக் காட்டினேன். மேல் டிவிசன் குதித்தது. அப்போது நான் கீப்பரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ, அதுவும் எனக்குத் தெரியாது. ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியத்தில் முடிந்தது. அவர் கையுறையைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, கோப்பை கொடுக்கும்வரை நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வீடியோ போனுக்குப் போன் பறந்தது. யாரோ அதற்குப் பாட்டுப் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவருக்குப் பெயரே மாறிவிட்டது. "இந்தா, போகலண்ணே வர்றாரு" என்பார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது புல்லில் கை வைத்து, "இல்லண்ணே, போகல" என்று நடித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

ஒருநாள் கடிதப் பையோடு குழாயடியைக் கடந்துபோனேன். இரண்டு பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு முறைக்குச் சண்டை. கீப்பர் அந்தப் பக்கம் வந்தார். பழைய பழக்கத்தில், "இவங்கதான் மொதல்ல வச்சாங்க, நான் பாத்தேன்" என்றார்.

மற்றப் பெண் திரும்பி, "நீங்க பாத்தத நாங்கதான் போன்ல பாத்தோமே" என்றார்.

கீப்பர் கவ்வாத்துக் கத்தியைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை காலம் இந்த ஆளையா நம்பினோம், இதற்கு முன்னால் இன்னும் எத்தனை தடவை ஏமாற்றினாரோ என்றுதான் ஓடியது. அவர் வீட்டுக்குக் கடிதம் வந்தால் வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அவர் மனைவியும் என்னை உள்ளே கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கீப்பர் பந்தாட வருவதையும் நிறுத்திவிட்டார்.

தைப்பொங்கலுக்கு விளையாட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதற்கு இரண்டு வாரம் முன்னால், நல்ல வெயில் நாளொன்றில், மைதானத்தைப் பார்க்கப் போனேன். கம்பங்களைப் பிடுங்கிக் கோயில் பின்புறம் அடுக்கியிருந்தோம். குழிகள் மட்டும் இருந்தன. கீழ்ப்பக்கக் கோலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

தரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்று கம்பக் குழிகளுக்கு நேராக, மங்கலாக. அது நான் தீபாவளிக்குப் போட்ட புதுக் கோடு. அதற்கு ஒரு எட்டு முன்னால் மற்றது, புல்லே முளைக்காமல், பளிச்சென்று. அது பழைய கோடு. நான் கொட்டிய சாம்பலும் மண்ணும் இருந்த இடம் தெரியவில்லை. மழை கழுவிக்கொண்டு போயிருந்தது.

அங்கேயே உட்கார்ந்தேன். எல்லாரையும் போல என் போனிலும் அந்த வீடியோ இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பந்துக்கு முன்னால் பளிச்சென்ற கோடு. அன்றைக்கு அதை மட்டும்தான் பார்த்தேன். இப்போது பந்துக்குப் பின்னால் பார்த்தேன். பனிக்குள் கம்பத்தின் அடி மங்கலாகத் தெரிந்தது, அதிலிருந்து இன்னொரு கோடு. பந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் கிடந்தது. புதுக் கோட்டை அது தொடக்கூட இல்லை.

அவர் சொன்னது உண்மை. போனும் பொய் சொல்லவில்லை, இருந்ததைத்தான் காட்டியது. இரண்டு கோட்டையும் போட்டவன் நான். தொலைக்காட்சியில் திரைக்குக் குறுக்கே கோடு கிழித்து, கால்விரல் முன்னால் இருக்கிறது என்று காட்டுகிறார்களே, அந்தக் கோட்டையும் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவர்தான் போடுகிறார், அல்லது அவர் செய்த இயந்திரம் போடுகிறது. இது எனக்கு அன்றைக்கு முன் ஒருநாளும் தோன்றியதில்லை. அதற்காக வீடியோவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அது இருந்திருந்தால் அந்த இரட்டையரில் அண்ணன் வெளியே போயிருக்கமாட்டார். ஆனால் படத்தைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, படத்தில் என்னைப் பார்க்கத் தெரியவில்லை.

உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய கோட்டை மண்வெட்டியால் கொத்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட யோசித்தேன். மண்வெட்டியைக் கையில் எடுத்தும் பார்த்தேன். பிறகு ஒருநாள் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வாசற்படியில் வைக்கக் குனிந்தேன், வைக்க முடியவில்லை.

"அவங்க மலையில கவ்வாத்து வெட்டுறாங்க" என்று அவர் மனைவி உள்ளேயிருந்தே சொன்னார்.

மலைக்கே போனேன். வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகள் காலில் குத்த, செடிவரிசைக்குள் ஏறி அவர் முன்னால் நின்று, கடிதத்தைக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"தம்பி, அன்னிக்கு அங்க ரெண்டு கோடு இருந்திருக்கு. வீடியோல தெரிஞ்சது பழைய கோடு. பந்து உள்ள போகல. நீங்க சொன்னதுதான் சரி."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. இன்னொரு கிளையை வெட்டிச் சாய்த்துவிட்டு, "தெரியும்ணே" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. மழையில பழைய கோடு வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் பூரா என் காலுக்கு முன்னாலதான் கிடந்துச்சு."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. என் தப்புக்கு அவர்மேல் கோபப்படுகிற அளவுக்கு நான் கெட்டவன். "அப்ப அங்கனயே கோட்டக் காட்டியிருக்கலாம்ல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேனே! எதுக்கு இத்தன நாள் பேச்சு வாங்குனீங்க?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வார்த்த சொன்னேனேண்ணே. நீங்க எங்கிட்ட கேட்டீங்க. புல்லுல கை வச்சுச் சொன்னேன். அப்புறம் நீங்க போன்கிட்டப் போய்க் கேட்டீங்க. அதுக்கப்புறம் நான் கோட்டக் காட்டி, கம்பத்தக் காட்டி, பொய் சொல்லலன்னு காட்டணும்னா, கை வச்சது எதுக்கு?"

  மலையிலிருந்து இறங்கி வரும்போது அழுதேன். ஐம்பது வயதுக்கு மேல் தேயிலைக்குள் நின்று அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பொங்கல் விளையாட்டன்று ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கோட்டை நான் கொத்தவில்லை. அதை எல்லாரையும் வந்து பார்க்கச் சொன்னேன். மேல் டிவிசன் கப்டன் கோட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே தன் பாதத்தை வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அப்ப கப்ப என்னங்க செய்றது?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கலகலப்பாகிவிட்டது. கடைசியில் கோப்பையைக் கோயிலில் வைப்பதென்று முடிவானது. குழாயடியில் பேசிய அந்தப் பெண் எழுந்து கீப்பரின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

கீப்பர் மேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று அவர் வைத்துவிட்டுப் போன கையுறையை அவருடைய ஆட்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். இரண்டு பேர் மேட்டில் ஏறிப்போய் அதை நீட்டினார்கள். நீண்ட நேரம் வாங்கவில்லை. பிறகு வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இரண்டாம் பாதியில் பனி ஏறியது. கோல் இல்லை. மேல் டிவிசன் அடித்த பந்து கம்பத்தில் பட்ட சத்தம் கேட்டது, பிறகு கூச்சல். ஓடினேன். பந்து அவர் கையில். சுற்றிலும் ஆட்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"தம்பி, உள்ள போச்சா?"

அவர் குனியவில்லை. என்னை நேராகப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், "போன்ல பாத்துக்கங்கண்ணே" என்றார்.

எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஒலிபெருக்கியில் பேசிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். மேட்டில் போன்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டேன்.

"போன வேணாம் தம்பி. ஒங்களத்தான் கேக்குறேன். நீங்க சொல்ற வரைக்கும் ஆட்டம் இல்ல."

 பனி எங்களுக்கு நடுவேயும் வந்துவிட்டது. பிறகு அவர் பந்தைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். குனிந்து, இரண்டு கையையும் ஈரப் புல்லில் வைத்தார்.

"உள்ள போயிருச்சுண்ணே."

நான் விசிலைத் தேடி எடுத்து ஊதினேன். அவருடைய டிவிசன் தோற்றது. அவருடைய ஆட்களே முதலில் கைதட்டினார்கள்.

கொழும்பிலிருந்து வந்த அந்த இளைஞர் மேட்டில் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். ஆட்டம் முடிந்ததும் இறங்கி வந்து, "அண்ணே, இதையும் எடுத்திருக்கேன், பாக்குறீங்களா?" என்று கேட்டார். பிறகும் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார். நல்ல மனிதர், கேலிக்குக் கேட்பதில்லை. "ரொம்பத் தெளிவா இருக்குண்ணே, ஒரு தடவ பாருங்களேன்" என்பார்.

"வேணாம் தம்பி" என்பேன். "நான் கேட்டாச்சு."